உள்பக்கத் தாழ்ப்பாள்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் நான்.
பதினோரு வருடங்களாக, மே மாதக் கடைசியில்,
கரகண்டாவிலிருந்து தொலின்காவுக்குப்
பிள்ளைகளை ஏற்றிப்போய் இறக்குகிறேன்.
அவர்கள் அருங்காட்சியகத்துக்குள் போவார்கள்.
நான் டயரை ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டு
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பேன்.
அந்த முகாம் எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரியாததா?
நிலக்கரி மாதிரிதான் அதுவும்.
காலடியில் கிடக்கிறது.

இந்த வருடம் ஆலங்கட்டி மழை.
தலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு
நானும் ஓடினேன் உள்ளே.

கண்ணாடிக்குக் கீழே ஒரு பதிவேடு திறந்து கிடந்தது.
வாசிக்க நினைக்கவில்லை. நின்ற இடம் அப்படி.
ஹாஃப்னர், ரைன்ஹோல்ட்.
பிறப்பு 1904. தொழில்: டிராம் ஓட்டுநர்.
குற்றம் என்ற கட்டத்தில் வாக்கியமே இல்லை,
ஓர் எண் மட்டும்.
ஒப்படைத்த பொருட்கள்:
பெல்ட் ஒன்று. சீப்பு ஒன்று.
டிராம் கைப்பிடி ஒன்று.

பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.
எனக்கு அந்தக் கைப்பிடியைத் தாண்டிப் போகமுடியவில்லை.
அது இல்லாமல் டிராம் ஓர் அங்குலம் நகராது.
இருக்கையை விட்டு எழுந்தால்
ஓட்டுநர் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான்.
அன்றும் அப்படித்தான் எழுந்திருக்கிறான்,
இதோ வந்துவிடுகிறேன் என்று.
அந்த வண்டி என்னவாயிற்று?
நடுத்தெருவில், ஆட்களோடு,
எவ்வளவு நேரம் நின்றிருக்கும்?

கிளம்பும்போது தலைகளை எண்ணுவது என் வழக்கம்.
முப்பத்திரண்டு.
அன்று பட்டியலை வாங்கிப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
ஆசிரியை விநோதமாகப் பார்த்தாள்.

வீட்டில் அக்மரால் இருக்கிறாள்.
என் பாட்டனின் தம்பி பேத்தி.
எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து
இரண்டு குளிர்காலம் ஆகிறது.
அவளைப் பதினான்கு மாதம் அடைத்துவைத்த இடத்துக்கும்
பள்ளி என்றுதான் பெயராம்.

வந்த முதல் வாரமே
நடைவழி பல்பைக் கழற்றி மாவு டப்பாவுக்குள் போட்டாள்.
இருட்டில் முட்டிக்கொண்டு நான் கத்தினேன்.
உருளைக்கிழங்கு உரிக்கும்போதுதான் அவள் பேசுவாள்,
தோலுக்கு ஒரு வார்த்தை என்கிற கணக்கில்.
அங்கே விளக்கை அணைக்கவே மாட்டார்கள்.
கழிப்பறைக்கு இரண்டு நிமிடம்.
வெளியே ஒருத்தி சத்தமாக எண்ணிக்கொண்டிருப்பாள்.

தொலின்காவிலிருந்து திரும்பிய அன்று இரவு
படுக்கை விளக்கை அணைத்தேன்.
போட்டேன். மறுபடி அணைத்தேன்.
மின்சாரத்தோடு என்ன விளையாட்டு என்றாள் ஷோல்பன்.

நன்றி சொல்லவேண்டும்போல் இருந்தது.
ஆனால் நன்றி சும்மா வராது,
யாருக்கு என்று கேட்டுக்கொண்டே வரும்.

பஞ்ச காலத்தில் அண்ணனும் தம்பியும்
மலை தாண்டப் புறப்பட்டார்களாம்.
அண்ணன் குதிரை கணவாய்க்கு முன்னால் நொண்டிவிட்டது.
தம்பி போனார். பாட்டன் திரும்பினார்.
அவ்வளவுதான் வித்தியாசம்,
அவளுக்கும் எனக்கும்.
நொண்டிக் குதிரையே, உனக்கா?
அது நல்ல காலோடு இருந்திருந்தால்
இந்த விளக்கை அணைக்க
எனக்கு உரிமை இருந்திருக்குமா?
அவள் குதிரை நொண்டவில்லையே என்பதை
எந்த முகத்தோடு
நான் என் அதிர்ஷ்டம் என்று சொல்வது?

பதில் கிடைக்காமலே தூங்கிப்போனேன்.
இருட்டு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறு நாற்பது.
இரண்டு அறை வீட்டில் ஒரே குளியலறை.
அக்மரால் உள்ளே போய் இருபது நிமிடம் ஆயிற்று.
தாழ்ப்பாள் விழும் சத்தம்.
பிறகு திறக்கிறாள், யாரும் வெளியே வரவில்லை,
மறுபடி போடுகிறாள்.
தண்ணீர் ஓடுகிறது. நிற்கிறது. ஓடுகிறது.

போன வாரம்வரை இந்நேரம் கதவைத் தட்டியிருப்பேன்.
ஏழு மணிக்கு வண்டி எடுக்கவேண்டும்.
கைக்கடிகாரத்தைத் திருப்பி
உள்ளங்கைப் பக்கமாக வைத்துக்கொள்கிறேன்.

சமையலறைத் தொட்டியில்,
பாத்திரங்களை ஓரம் தள்ளிவிட்டு,
ஒரு குழம்புக் கரண்டியின் முதுகில் முகம் பார்த்து,
சத்தமில்லாமல்
சவரம் செய்துகொள்கிறேன்.